ஒன்பதில் நின்றவனும் பத்தில் தவறியவளும்: மறுபடி படிக்க அரசு வழிகள்

கேள்வி இது. உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம். அக்கா மகனுக்கு 15 வயது. எட்டாம் வகுப்பு முடித்து, ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்று, வட மாநிலத்து முறுக்குக் கம்பெனி ஒன்றில் சில மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அவனுக்கு மூத்தவளுக்கு 17 வயது. பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் தவறி, இப்போது மில்லுக்குப் போகிறாள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்தபடியே அரசு வழியில் படிக்க வைக்க என்ன செய்யலாம்?

இருவருக்கும் வழி வேறு வேறு. ஒரே டுடோரியலில் இருவரையும் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள். எது சீக்கிரம் முடியும் என்று பார்ப்பதைவிட, கையில் கிடைக்கும் சான்றிதழை வைத்து அடுத்து எங்கே சேரலாம் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பையனில் இருந்து தொடங்குகிறேன். அவனுக்கு நான் முதலில் சொல்வது வெளியே இருந்து படிக்கும் வழியை அல்ல. 15 வயதில் ஒன்பதாம் வகுப்பில் திரும்பச் சேர்வது நடக்கிற காரியம். அரசுப் பள்ளியில் அவன் பெயர் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் இன்னும் இருக்கும். நீண்ட நாள் வராததால் பெயரை நீக்கியிருந்தாலும் அது அழிந்துபோகாது. பொதுத் தொகுப்பு என்று ஒன்று உண்டு, அதில் கிடக்கும். சேர்த்துக்கொள்ளும் பள்ளி அங்கிருந்து பெயரை எடுத்துக்கொள்ளும். அதனால் பழைய பள்ளியில் எமிஸ் எண்ணை மட்டும் எழுதி வாங்கிவந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆதார் அட்டை, எட்டாம் வகுப்பு தேர்ச்சி குறிக்கப்பட்ட டி.சி. அல்லது பதிவுத்தாள், சாதிச் சான்று, பெற்றோரில் ஒருவர், இவ்வளவு போதும்.

சிக்கல் வருவது காகிதத்தில் அல்ல. "அடுத்த வருஷம் பத்தாவது, ரிசல்ட் இறங்கிவிடும்" என்ற தயக்கம் சில பள்ளிகளில் இருக்கும். வாய்மொழியாக மறுத்தால் அங்கேயே விவாதம் செய்யாதீர்கள். சேர்க்கை கேட்டு ஒரு பக்கம் மனு எழுதி, நகலில் பெற்றதற்கான கையெழுத்து கேளுங்கள். பெரும்பாலும் அதோடு காரியம் நகர்ந்துவிடும். நகராவிட்டால் வட்டார வள மையத்தில் சொல்லுங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுத்துத் திரும்பச் சேர்ப்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அவர்களுடைய வேலை. 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது.

உங்கள் பகுதியில் இன்னொரு வசதி உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அவற்றை ஒட்டிய அரசு விடுதிகளும் இருக்கின்றன. வீட்டில் இருந்தால் தரகர் மறுபடி வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார் என்ற பயம் இருக்கும் குடும்பத்துக்கு விடுதிதான் சரியான மருந்து. விடுதி விண்ணப்பம் ஜூன், ஜூலை மாதங்களில் நடக்கும். பள்ளியில் பிறகு சேரலாம், விடுதியில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆகவே விடுதியை முதலில் பாருங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் பணக் கணக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் உயர்கல்விக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் அரசுப் பள்ளிப் படிப்பை வைத்துத்தான். நடுவில் ஒரு வருடம் நின்றுவிட்டு அரசுப் பள்ளிக்கே திரும்பினால் இந்த உரிமை போகாது. பள்ளியில் சேராமல் வெளியில் இருந்து, அதாவது தனித்தேர்வராக, பத்தும் பன்னிரண்டும் எழுதினால் போய்விடும். கட்டணம் கட்டிப் படிக்க வைக்க முடியாத வீட்டில் இது சின்ன இழப்பு அல்ல.

வகுப்பில் தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார முடியாது என்று அவன் ஒரே பிடியாக நின்றால், தனித்தேர்வர் வழி. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருப்பதால் அவனுக்கு இ.எஸ்.எல்.சி. எனப்படும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு தேவையில்லை. ஆறு, ஏழோடு நின்ற பிள்ளைகள்தான் அதை எழுத வேண்டும். பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை நேரடியாக எழுதப் பதினான்கரை வயது முடிந்திருக்க வேண்டும். அவனுக்கு அது சரியாக இருக்கிறது.

இந்த வழியில் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. அது அறிவியல் செய்முறை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. நேரடித் தனித்தேர்வர் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகச் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிய வேண்டும். ஒதுக்கப்படும் பள்ளியில் அந்த வகுப்புகளில் 80 சதவீதம் வந்திருந்தால்தான் அறிவியல் தேர்வு எழுத முடியும். ஆனால் தேர்வுக்கான விண்ணப்பம் கேட்பது டிசம்பர், ஜனவரி வாக்கில். "விண்ணப்பம் வரும்போது கட்டிக்கொள்ளலாம்" என்று காத்திருப்பவர்கள் அப்போதுதான் செய்முறை என்று ஒன்று இருப்பதையே கேள்விப்படுகிறார்கள். கூடுதல் கட்டணம் கட்டும் தக்கல் முறை விண்ணப்பத் தேதி தவறியவருக்குத்தான் உதவும். செய்முறைப் பதிவைத் தவறவிட்டவருக்கு உதவாது. நான்கு பாடம் தேறியும் அறிவியல் இல்லாமல் ஒரு வருடம் வீணாகும். இந்தப் பதிவு பற்றிய அறிவிப்பு நாளிதழில் சின்னச் செய்தியாக வந்து போய்விடும். பள்ளி திறந்த வாரத்திலேயே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு எட்டு போய்த் தேதி கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது கவனம் பிறந்த தேதியும் பெயரும். விண்ணப்பத்தை அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் போய்ப் பதிய வேண்டும். அங்கே திரையில் காட்டும்போது தேதி, தலைப்பெழுத்து, தமிழில் பெயர், ஆங்கில எழுத்தில் பெயர் நான்கையும் பையனும் பெற்றோரும் சேர்ந்து படித்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதிதான் வாழ்நாள் முழுக்கப் பேசும். ஆதாரில் ஒன்று, டி.சி.யில் ஒன்று என்று இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்னால் பிறப்புச் சான்றைக் கொண்டு ஆதாரைத் திருத்துங்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால், ஓராண்டு கடந்த பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு முன்கூட்டியே தொடங்குங்கள்.

தனித்தேர்வராகப் பத்து முடித்த பிறகு பிளஸ் 1 வகுப்பில் வழக்கமான மாணவனாக அரசுப் பள்ளியில் சேரலாம். பலர் இதை அறியாமல் பன்னிரண்டையும் வெளியில் இருந்தே எழுதப் போகிறார்கள். பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டிருப்பதால், வெளியில் இருந்து மேல்நிலை எழுத நினைப்பவர்கள் பழைய ஆட்கள் சொல்லும் விதியை நம்பாமல் அந்தப் பருவத்து அறிவிப்பைப் பார்த்தே நடக்க வேண்டும்.

பையனுக்கு மூன்றாவதாக ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கையில் தொழில் வேண்டும், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்ற நெருக்கடி உள்ள வீட்டுக்கு இதை நான் தனித்தேர்வுக்கும் மேலே வைப்பேன். 14 வயது முடிந்திருந்தால் சேரலாம். மதுரை புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில் செக்கானூரணியிலும் இருக்கிறது. அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, காலணி, பஸ் பாஸ் கிடைக்கும்.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துச் சேரக்கூடிய பிரிவுகளில் வெல்டரும் வயர்மேனும் முக்கியம். பெரும்பாலோர் வெல்டர் கேட்பார்கள், ஒரே வருடம் என்பதால். நான் வயர்மேனைத்தான் சொல்வேன். அது இரண்டு வருடம். எட்டு முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ.யில் தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றவர், பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால், பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெறலாம். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எழுதவே வேண்டாம். அதாவது பதினேழு, பதினெட்டு வயதில் கையில் தொழிலும் பத்தாம் வகுப்புத் தகுதியும் ஒன்றாக இருக்கும். பத்து முடித்து ஐ.டி.ஐ. போனவர்களுக்கும் இதேபோல் மேல்நிலை மொழித்தாள்களை எழுதிப் பன்னிரண்டுக்கு இணையான சான்று பெறும் வழி இருக்கிறது. இந்த மொழித்தேர்வு தானாக நடக்காது. விண்ணப்பம் கேட்கும்போது ஐ.டி.ஐ. முதல்வர் அலுவலகத்தில் விசாரித்துப் பெயர் கொடுக்க வேண்டும். சான்றிதழை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டவர்கள் இதை அப்படியே மறந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு அரசு வேலை விளம்பரத்தில் "பத்தாம் வகுப்புத் தேர்ச்சி" என்று பார்க்கும்போதுதான் நினைவு வரும்.

இனி பெண் பிள்ளை. அவளுக்கு வேலை ரொம்பக் குறைவு, இரண்டே தாள். தேறிய மூன்று பாடங்களை மறுபடி எழுத வேண்டாம். அறிவியல் செய்முறையில் 25க்கு 15 எடுத்திருந்தால் அந்த மதிப்பெண் அப்படியே நிற்கும். எழுத்துத் தேர்வில் 75க்கு 20 எடுத்தால் போதும், கூட்டினால் 35 வந்துவிடும். மதிப்பெண் பட்டியலில் செய்முறைக்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 15 இருந்தால் செய்முறை வகுப்புக்கு அலைய வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வு ஒரு வாய்ப்பு, ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத்தேர்வு இன்னொரு வாய்ப்பு. துணைத்தேர்வில் தேறினாலும் அதே ஆண்டு பிளஸ் 1 சேர்ந்துவிடலாம்.

அறிவியலில் ஒரு மதிப்பெண் வினா 12 வரும். அதில் எட்டும், இரண்டு மதிப்பெண் வினாவில் ஆறும் சரியாக எழுதினால் 20 வந்துவிட்டது. மில் வேலைக்கு நடுவே படிக்கிற பெண்ணுக்குப் பெரிய விடைகளைத் திணிப்பதைவிட, ஒவ்வொரு பாடத்தின் கடைசியில் உள்ள கோடிட்ட இடம், பொருத்துக, சரியான விடை, சிறு வினா ஆகியவற்றை முழுதாக முடிப்பது பலன் தரும்.

கணக்குக்கு இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் இதில்தான் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். 100 மதிப்பெண் தாளில் கடைசிப் பகுதி இரண்டு கேள்வி: ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம், ஒவ்வொன்றும் எட்டு. இரண்டிலும் "அல்லது" உண்டு. கணக்கே வராது என்று நினைக்கும் பிள்ளைகூட ஆறு வாரம் தினம் ஒரு படம் போட்டால் இந்த 16இல் 14 வாங்க முடியும். ஒரு மதிப்பெண் கேள்வி 14இல் ஒன்பது. மிச்சம் 12, இரண்டு மதிப்பெண் கேள்வி ஆறு. 35 தொட்டாயிற்று.

வடிவியலில் வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு PQR முக்கோணத்துக்கு 7/3 என்ற அளவில் வடிவொத்த முக்கோணம் வரையச் சொன்னால், Qவிலிருந்து கீழே குறுங்கோணத்தில் ஒரு கோடு இழுத்து, அதில் சம தூரத்தில் ஏழு வெட்டுப் போட வேண்டும். மூன்றாவது புள்ளியை Rஉடன் இணைத்து, ஏழாவது புள்ளி வழியாக அதற்கு இணைகோடு போட்டால் நீட்டிய QRஐ வெட்டும். அங்கிருந்து RPக்கு இணைகோடு. தப்பு நடப்பது இரண்டு இடத்தில். கவராயத்தின் கால் தளர்ந்திருந்தால் ஏழு வெட்டும் சமமாக விழாது. கண் மதிப்பில் இணைகோடு போட்டால் முக்கோணம் சாய்ந்துவிடும். பத்து ரூபாய் பெட்டியில் வரும் கவராயத்தை நம்ப வேண்டாம், திருகு இறுகும் ஒன்றாக வாங்கிக் கொடுங்கள். மூலைமட்டத்தை அளவுகோலில் ஒட்டி நகர்த்திப் பழகட்டும். உதவிப்படம் போடாமல் விட்டால் சுத்தமான படத்துக்கும் மதிப்பெண் குறையும்.

வரைபடத்தில் பிள்ளைகள் x மதிப்பை எப்போதும் −4 முதல் 4 வரை எடுப்பார்கள். x² − 9x + 20 = 0 என்று வந்தால் அது போதாது; தீர்வு 4, 5 இரண்டும். x 0 முதல் 6 வரை எடுத்தால் y மதிப்பு 20, 12, 6, 2, 0, 0, 2 என்று அழகாக வரும். y அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு அலகு வைத்தால் தாளுக்குள் அடங்கும். அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுத மறக்கக் கூடாது. புள்ளிகளை அளவுகோலால் இணைக்காமல் கையால் வளைவாக இணைக்க வேண்டும்.

மில்லில் மதிப்பெண் பட்டியல், டி.சி. அசலைக் கொடுத்து வைத்திருந்தால் உடனே திரும்ப வாங்குங்கள். நகலைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் தருவோம், சம்பளம் மொத்தமாகத்தான் தருவோம் என்றால், 18 வயது ஆகாத பிள்ளை என்பதால் 1098க்குச் சொல்லலாம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். பற்றிப் பலரும் சொல்லியிருப்பார்கள். மத்திய அரசு நிறுவனம், 1989இல் தொடங்கியது, உண்மையான வாரியம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது போதும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி ஏற்கப்படும். தமிழ் வழியிலும் எழுதலாம். ஐந்து பாடம் தேர்வு செய்யலாம், கணக்கு கட்டாயம் இல்லை. தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் தேர்வு. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. வேறு வாரியத்தில் தேறிய இரண்டு பாடம் வரை மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவு வசதி இருந்தும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். தமிழக அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழ் இணையா என்பதில் பிரச்சினை எழுந்திருக்கிறது. அரசு வேலை கனவு உள்ளவர் மாநில வாரியத்திலேயே முடிப்பது பாதுகாப்பு. கணக்கை விட்டுவிட்டுப் பத்து முடித்தால் பாலிடெக்னிக் வழி அடைபடும். கணக்கு, அறிவியல் கேட்கும் ஐ.டி.ஐ. பிரிவுகளும் கிடைக்காது. பத்து முடித்த பிறகு பன்னிரண்டின் முழுச் சான்றிதழுக்கு இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதால் "ஆறே மாதத்தில் பிளஸ் 2" என்பதும் நடக்காது. வேறு மாநிலத்தில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளை, கணக்கே ஏறாத கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை, நாடகம், விளையாட்டு என்று ஊர் ஊராகப் போகும் பிள்ளை, இவர்களுக்கு இது மிகப் பொருத்தம். சேர்ந்தால் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைவுக்கு 20 சதவீத மதிப்பெண் என்பதை மறக்கக் கூடாது. புத்தகம் வரவில்லை என்று காத்திருந்து அந்தத் தேதியைத் தவறவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பாடங்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன.

பெரியார் பேருந்து நிலையம் தொடங்கி உசிலம்பட்டி சந்தை வரை "எட்டு பெயிலா? நேரடியாக பிளஸ் 2" என்ற சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: சான்றிதழில் எந்த வாரியத்தின் பெயர் இருக்கும்? அரசுத் தேர்வுகள் இயக்ககம், சி.பி.எஸ்.இ., என்.ஐ.ஓ.எஸ். போன்ற தெரிந்த பெயராக இல்லாமல் "கவுன்சில்", "போர்டு" என்று ஏதோ வட இந்திய ஊர்ப் பெயரோடு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதேபோல் பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கலாம் என்பதும் ஆபத்து. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படிக்காத பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது; 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிவான விஷயம் இது.

வீட்டில் 14 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை நின்றிருந்தால் இவ்வளவு யோசனையே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் ஆண்டின் எந்த மாதத்திலும் சேர்க்க வேண்டும், டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். மல்லிகை சீசனில் விடியுமுன் மொட்டுப் பறிக்கப் போய்ப் பள்ளிக்குப் பிந்தி வந்து, திட்டு வாங்கி, மெல்ல நின்றுபோகும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்கு வேண்டியது தனித்தேர்வு அல்ல, தலைமையாசிரியரிடம் பேசிக் காலை நேரத்துக்கு ஒரு ஏற்பாடு.

எழுதுவதில் சிரமம், பார்வைக் குறைவு, கற்றல் குறைபாடு இருக்கும் பிள்ளை என்றால் சொல்வதை எழுதுபவர் உதவி, ஒரு மணி நேரம் கூடுதல், மொழிப்பாட விலக்கு ஆகியவை தனித்தேர்வருக்கும் உண்டு. மருத்துவச் சான்றோடு விண்ணப்பத்தின்போதே கேட்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் அந்தப் பருவத்தில் கிடைக்காது.